சேர்க்கை அலுவலருக்குக் கேட்கக் கற்பித்தல்: சிங்கப்பூர்த் தனியார் கல்வி நிலையங்களுக்கான முழுமையான வழிகாட்டி

தனியார் கல்வி நிலையங்களில் சேர்க்கைப் பிரிவை நடத்துவோருக்கும், அப்பிரிவில் புதிதாகச் சேர்பவர்களைப் பழக்குவோருக்கும் இந்த வழிகாட்டி எழுதப்பட்டுள்ளது. பல இடங்களில் பயிற்சி இப்படித்தான் நடக்கிறது: முதல் நாள் பாடநெறிப் பட்டியல், இரண்டாம் நாள் பேச வேண்டிய வசனங்கள், மூன்றாம் நாள் கையில் தொலைபேசி. எதிரில் இருப்பவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பதைப் பற்றிய பேச்சு, ஒரு பெற்றோர் புகார்க் கடிதத்துடன் வந்து நின்ற பிறகே எழுகிறது. அந்த வரிசையை மாற்றுவதுதான் கீழே உள்ள படிகளின் நோக்கம். முழு நேரமாகப் பழக்கினால் ஏறத்தாழ ஆறு வாரம் ஆகும். முதல் இரண்டு படிகளைத் தவிர்த்துவிட்டு மூன்றாவதிலிருந்து தொடங்கினால் ஆறு மாதமானாலும் பயன் இராது.

1. பயிற்சிக்கு முன் நிர்வாகத்திடம் முடிக்க வேண்டியவை

வகுப்பறைக்குள் நுழைவதற்கு முன் ஊதிய முறையைப் பாருங்கள். கையெழுத்திடும் ஒவ்வொரு மாணவருக்கும் இவ்வளவு என்று அலுவலருக்குத் தரகுத் தொகை கிடைக்குமானால், மாதக் கடைசியில் இரண்டு பேர் குறையும்போது அவர் எதைக் கேட்பார், எதைக் கேட்காமல் விடுவார் என்பதைப் பயிற்றுநர் தீர்மானிக்க முடியாது. அந்தத் தொகைதான் தீர்மானிக்கும்.

நிர்வாகத்திடம் மூன்று ஏற்பாடுகளை எழுத்து வடிவில் பெறுங்கள். முதலாவது, ஊக்கத்தொகை தரப்படுமானால் அது கையெழுத்தான நாளில் தரப்படாமல், மாணவர் முதல் பருவத்தை முடித்த பிறகு, அதுவும் குழு முழுவதற்கும் பொதுவாகத் தரப்பட வேண்டும். இரண்டாவது, 'இந்தப் படிப்பு உங்களுக்குப் பொருந்தாது' என்று வேறு வழி காட்டி அனுப்பிய சந்திப்பும் முடித்த வேலையாகவே பதிவாக வேண்டும். மூன்றாவது, பொருந்தாத மாணவரைச் சேர்க்க மறுத்ததற்காக எந்த அலுவலரும் கேள்வி கேட்கப்படக் கூடாது.

நிர்வாகம் இணங்காவிட்டால் என்ன செய்வது என்று பயிற்றுநர்கள் கேட்பதுண்டு. என் முடிவு சற்றுக் கடுமையானது: அப்படியானால் கேட்கும் பயிற்சியைத் தராதீர்கள். கீழே வரும் உண்மைத் தாள் (2), கட்டணம் (6), ஒப்பந்தம் (7) ஆகிய படிகளை மட்டும் நடத்திவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். தலைக்கு இவ்வளவு என்று கூலி பெறுபவரிடம் நன்றாகக் கேட்கும் திறனைக் கொடுத்தால், எதிரில் இருப்பவரின் அச்சம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து அதை அழுத்தவே அவர் அத்திறனைப் பயன்படுத்துவார். இதை நான் ஊகத்தில் சொல்லவில்லை. முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் நானே அப்படி நால்வரைப் பழக்கிவிட்டேன்.

2. உண்மைத் தாள்: முதல் வாரம் முழுவதும்

புதியவர் முதல் வாரத்தில் எந்த மாணவரையும் சந்திக்கக் கூடாது. நிலையம் நடத்தும் ஒவ்வொரு பாடநெறிக்கும் ஒரு பக்கத் தாள் ஒன்றை அவரே தம் கையால் எழுத வேண்டும். விளம்பரக் கையேட்டைப் பார்த்து எழுத விடாதீர்கள். ஒப்பந்தம், பாடத்திட்ட ஆவணம், அரசாங்க இணையத்தளங்கள் ஆகியவற்றைப் பார்த்தே எழுத வேண்டும். விடை தெரியாத அலுவலர் பதற்றத்தில் பேசிக்கொண்டே இருப்பார் என்பதும், விடை தெரிந்தவருக்கே வாயை மூடிக் கேட்கும் துணிவு வரும் என்பதும்தான் இந்த வரிசைக்குக் காரணம்.

தாளில் முதலில் வர வேண்டியது பதிவின் பொருள். 2009ஆம் ஆண்டின் தனியார் கல்விச் சட்டத்தின்கீழ் நிலையம் பதிவு பெற்றிருப்பது, அதன் பாடநெறிகளுக்கு அரசாங்கம் தரச்சான்று வழங்கியதாக ஆகாது. தனியார் கல்வி நிலையங்களின் தரத்துக்கு வழங்கப்படும் எடுட்ரஸ்ட் சான்றிதழ் அதிலிருந்து வேறானது. மாணவர் அனுமதிச் சீட்டில் வெளிநாட்டு மாணவரைச் சேர்க்க அது தேவை. 'அரசாங்கம் அங்கீகரித்த டிப்ளோமா' என்று புதியவர் ஒருமுறை சொல்லிப் பழகிவிட்டால், பிறகு அவர் நாவிலிருந்து அதை எடுப்பது பெரும்பாடு.

அடுத்து, பட்டத்தை வழங்குவது யார் என்பது. படிப்பு சிங்கப்பூரில் நடந்தாலும் பட்டம் ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தினுடையதாக இருக்கலாம். அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு மருத்துவம், தாதிமை, சட்டம், பொறியியல், கட்டடக்கலை போன்ற துறைகளில் தொழில் செய்ய, அந்தந்தத் தொழில்முறை மன்றத்தின் விதிகள் வேறு இருக்கின்றன. 'உளவியல் பட்டம் பெற்றால் மருத்துவமனையில் சேரலாமா' என்று கேட்கும் மாணவிக்கு ஒற்றைச் சொல்லில் விடை கிடையாது என்பதைப் புதியவர் இப்போதே அறிந்திருக்க வேண்டும்.

வேலைவாய்ப்பு எண்களிலும் ஒரு பள்ளம் உண்டு. தனியார் கல்வி நிலையப் பட்டதாரிகளின் வேலைவாய்ப்பு பற்றிய ஆய்வை, திறன் மேம்பாட்டுக்கான அரசாங்க அமைப்பான ஸ்கில்ஸ்ஃபியூச்சர் சிங்கப்பூர் வெளியிடுகிறது. அதில் 'வேலையில் இருப்போர்' என்ற எண்ணும் 'முழுநேர நிரந்தர வேலையில் இருப்போர்' என்ற எண்ணும் தனித்தனியே தரப்படும். முதல் எண்ணில் பகுதிநேர, தற்காலிக, தன்னுரிமைத் தொழிலாளர்களும் அடங்குவர். முதல் எண்ணை மட்டும் சொல்லிவிட்டு நகர்வது பொய்யன்று, ஆனாலும் ஏமாற்றுதான். இரண்டையும் தாளில் பக்கத்துப் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள்.

வெளிநாட்டு மாணவருக்கான பகுதியில் வேலை செய்யும் உரிமையைத் தடித்த எழுத்தில் எழுத வேண்டும். மாணவர் அனுமதிச் சீட்டு வைத்திருப்போரில், மனிதவள அமைச்சின் பட்டியலில் உள்ள கல்வி நிலையங்களில் முழுநேரமாகப் படிப்பவர்களுக்கே பகுதிநேர வேலைக்கு விலக்கு உண்டு; தனியார் நிலையங்களில் பெரும்பாலானவை அப்பட்டியலில் இல்லை. திருச்சியிலிருந்தும் மதுரையிலிருந்தும் வரும் பிள்ளைகளில் பலர், மாலையில் சிராங்கூன் சாலைக் கடை ஒன்றில் வேலை பார்த்துச் சாப்பாட்டுச் செலவை ஈட்டிக்கொள்ளலாம் என்ற கணக்கோடுதான் விமானம் ஏறுகிறார்கள். அந்தக் கணக்கு தவறு என்பது சேர்க்கைக்கு முன் தெரிய வேண்டிய செய்தி.

உள்ளூர் ஆண் மாணவர்களுக்குத் தேசிய சேவையை ஒத்திவைப்பது பற்றிய வரி ஒன்றும் தேவை. பட்டப்படிப்புக்காக ஒத்திவைப்பு வழங்கப்படுவதில்லை. மற்றப் படிப்புகளுக்கு வயது வரம்புகள் இருக்கின்றன. 'அதெல்லாம் கிடைத்துவிடும்' என்று நம் அலுவலர் சொல்லக் கூடாது. தேசிய சேவை அதிகாரிகளிடம் எழுத்து மூலம் விடை பெற்று வரச் சொல்ல வேண்டும்.

வாரக் கடைசியில், தாள் இல்லாமல் பதினைந்து கேள்விகளுக்கு விடை சொல்ல வையுங்கள். 'தெரியாது, கேட்டுச் சொல்கிறேன்' என்ற விடைக்கு முழு மதிப்பெண் கொடுங்கள். தவறான விடைக்கு மதிப்பெண்ணைக் கழியுங்கள்.

3. கேட்கும் பயிற்சி: இரண்டாம், மூன்றாம் வாரங்கள்

இந்தப் படிக்கு மூவர் வேண்டும்: மாணவராக நடிப்பவர், அலுவலர், ஓரத்தில் அமர்ந்து எழுதுபவர். மாணவராக நடிப்பவரிடம் ஒரு சீட்டைக் கொடுங்கள். அதில் இரண்டு செய்திகள் இருக்கட்டும். ஒன்று அவர் கேட்டவுடன் சொல்வது, மற்றொன்று சரியாகக் கேட்டால் மட்டுமே சொல்வது. எடுத்துக்காட்டாக, மேல் வரியில் 'தகவல் தொழில்நுட்ப டிப்ளோமா பற்றி அறிய வந்தேன்' என்றும், கீழ் வரியில் 'கணிதத்தில் இருமுறை தோற்றுவிட்டேன், வீட்டில் தெரியாது' என்றும் எழுதியிருக்கலாம். அலுவலரின் வேலை கீழ் வரியை எட்டுவது.

முதல் பத்து நிமிடத்துக்குக் கையேடு மேசைமேல் இருக்கக் கூடாது. கையேடு கண்ணில் பட்டதும் இருவரும் அதைப் பார்த்துக்கொண்டுதான் பேசுவார்கள். மாணவர் தன்னைப் பற்றிப் பேசுவது அத்தோடு நின்றுவிடும். கணினித் திரையையும் பக்கவாட்டில் திருப்பிவிடுங்கள். குறிப்பு எழுதுவதானால், 'நீங்கள் சொல்வதைக் குறித்துக்கொள்ளலாமா' என்று கேட்டுவிட்டுத் தாளில் எழுதச் சொல்லுங்கள்.

கேள்விகளின் வரிசை முக்கியம். இப்போது நாள் எப்படிக் கழிகிறது என்பதில் தொடங்க வேண்டும்: படிக்கிறாரா, வேலை பார்க்கிறாரா, வீட்டில் இருக்கிறாரா. பிறகு, இதற்கு முன் படித்ததில் எது கைக்கு வந்தது, எது வரவில்லை. மூன்றாவதாக, இங்கே வரலாம் என்று முதலில் சொன்னது யார். நான்காவதாக, இந்தப் படிப்பு முடிந்து ஓராண்டு கழித்து ஒரு திங்கட்கிழமை காலையில் எங்கே இருக்க விரும்புகிறார். பணத்தைப் பற்றிய கேள்வி கடைசியில்தான் வரும், ஆனால் கட்டாயம் வரும். 'என்ன படிக்க ஆசை' என்று தொடங்குபவர்கள் தோற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்தக் கேள்விக்கு மாணவரிடம் ஏற்கெனவே ஒரு மனப்பாட விடை இருக்கும். அது பெரும்பாலும் மாமாவோ சித்தப்பாவோ சொல்லிக் கொடுத்த விடை.

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது மௌனத்தில். கேள்வியைக் கேட்டுவிட்டு, மாணவர் மூன்று நொடி யோசித்தால், அலுவலரே இரண்டு விடைகளை எடுத்துக் கொடுத்துவிடுவார்: 'வேலை கிடைக்கணும்னா, இல்ல பட்டம் வேணும்னா?' மாணவர் ஏதோ ஒன்றுக்குத் தலையாட்டுவார். பதிவில் அது மாணவரின் விருப்பமாக ஏறிவிடும். ஓரத்தில் இருப்பவர் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, கேள்விக்கும் அலுவலரின் அடுத்த சொல்லுக்கும் இடையே எத்தனை நொடி என்று எழுதட்டும். ஏழு நொடி பொறுத்திருப்பவர் இந்த வேலைக்குத் தேறிவிடுவார். ஏழு நொடி எவ்வளவு நீளம் என்பது எதிரில் ஒருவரை உட்கார வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

பிறகு திருப்பிச் சொல்லும் பயிற்சி. மாணவர் பேசி முடித்ததும், அவர் சொன்னதை அவருடைய சொற்களிலேயே இரண்டு வாக்கியங்களில் சொல்லி, 'நான் சரியாகப் புரிந்துகொண்டேனா' என்று கேட்க வேண்டும். இங்கே ஒரு நுட்பமான பிழை நிகழும். மாணவி 'ராத்திரி வேலை, பகல்ல தூக்கம் வரும், ஆனா படிக்கணும்' என்று சொல்கிறாள். அலுவலர், 'ஆக, நீங்கள் பகுதிநேரப் படிப்பைத் தேடுகிறீர்கள்' என்று திருப்பிச் சொல்கிறார். அவள் அப்படிச் சொல்லவே இல்லை. தூக்கத்தைப் பற்றியும் இரவு வேலையைப் பற்றியும் சொன்னாள். பாடநெறியை அலுவலர்தான் உள்ளே நுழைத்தார். திருப்பிச் சொல்வதில் நம் நிலையத்தின் பொருள் எதுவும் இடம்பெறக் கூடாது என்று விதியாகவே வையுங்கள்.

சொல்லாமல் விட்டதையும் கேட்கப் பழக்க வேண்டும். தேர்வு முடிவுத் தாளைக் கொண்டுவர மறந்துவிட்டேன் என்பவர், கட்டணத்தைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காதவர், இன்றைக்கே கையெழுத்திடலாமா என்று அவசரப்படுபவர், இம்மூவரிடமும் மெதுவாகப் போக வேண்டும். குறிப்பாக அவசரப்படுபவரிடம். பழைய முறையில் பயின்றவர்களுக்கு அவர்தான் சிறந்த மாணவர். ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். அந்த அவசரத்துக்குக் காலாவதியாகப் போகும் வருகை அனுமதியோ வீட்டில் நடந்த சண்டையோ காரணமாக இருக்கலாம்.

ஒரு நாளைக்கு மூன்று சீட்டுகளுக்கு மேல் நடத்தாதீர்கள். நன்றாகக் கேட்பது உடலைக் களைப்பாக்கும் வேலை. நான்காவது சீட்டில் எல்லோரும் நடிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

4. குடும்பம் எதிரில் அமரும்போது

நம் சமூகத்தில் மாணவர் தனியே வருவது குறைவு. அப்பா பேசுவார், அம்மா பையில் சான்றிதழ்களை வைத்திருப்பார், பிள்ளை கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும். இதை இடையூறாக நினைக்கக் கூடாது. பணம் கட்டப் போவதும், பிள்ளை வீடு திரும்பும்போது கதவைத் திறக்கப் போவதும் அவர்கள்தாம்.

முதலில் பெற்றோரை முழுமையாகப் பேசவிட வேண்டும். 'இவனுக்கு ஐடிதான் சரி, நீங்க இடம் போட்டுடுங்க' என்று தந்தை சொல்லும்போது உடனே மகனிடம் திரும்பி 'உனக்கு என்ன விருப்பம்' என்று கேட்பது பெரிய தவறு. மகன் தந்தையின் முன்னால் மறுக்க மாட்டான். தந்தைக்கோ தம்மை ஒதுக்கிவிட்டதாகப் படும். தந்தை சொன்னதை அவரிடமே திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்திய பிறகு, 'ஐயா, நுழைவுத் தகுதி பற்றித் தம்பியிடம் பத்து நிமிடம் தனியாகக் கேட்க வேண்டியிருக்கிறது, எல்லா மாணவரிடமும் இப்படிக் கேட்பது எங்கள் வழக்கம்' என்று சொல்லச் சொல்லுங்கள். உண்மையிலேயே எல்லா மாணவரிடமும் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் அது பொய்யாகிவிடும்.

தனியே கேட்டறிந்ததை மாணவரின் அனுமதியின்றிப் பெற்றோரிடம் சொல்லக் கூடாது. கணிதத்தில் தோற்றதை அவனே சொல்வதற்கு இடம் அமைத்துக் கொடுக்கலாம், அவ்வளவுதான்.

தமிழில் தொடங்குவதா ஆங்கிலத்தில் தொடங்குவதா என்பதையும் வந்தவரே முடிவு செய்யட்டும். பெற்றோரிடம் தமிழிலும் பிள்ளையிடம் ஆங்கிலத்திலும் மாறி மாறிப் பேசும் அலுவலர், இரண்டு பேரிடமும் இரண்டு விதமான வாக்குறுதிகளைத் தம்மையறியாமல் கொடுத்துவிடுகிறார். கட்டணம், தகுதி, வேலை உரிமை ஆகிய மூன்றையும் எல்லோரும் சேர்ந்திருக்கையில் ஒரே மொழியில் ஒருமுறை சொல்வது பாதுகாப்பு.

5. 'இங்கே வேண்டாம்' என்று சொல்லப் பழக்குதல்

வேறு வழிகள் தெரியாத அலுவலரால் நேர்மையாக மறுக்க முடியாது. ஆகவே நான்காம் வாரத்தில் நம் நிலையத்துக்கு வெளியே உள்ள பாதைகளைப் படிக்க வையுங்கள்: தொழில்நுட்பக் கல்விக் கழகத்தின் நைட்டெக், உயர் நைட்டெக் என்னும் தொழிற்சான்றிதழ்ப் படிப்புகள், ஐந்து பலதுறைத் தொழிற்கல்லூரிகள், தனித் தேர்வராகச் சாதாரண நிலை (ஓ-லெவல்) தேர்வை மீண்டும் எழுதுவது, வேலை பார்த்துக்கொண்டே படிப்பது. 2027 முதல் சாதாரண நிலை, வழக்கநிலைத் தேர்வுகளின் இடத்தில் சிங்கப்பூர்-கேம்பிரிட்ஜ் உயர்நிலைக் கல்விச் சான்றிதழ் வருவதால், பெற்றோரின் கேள்விகளும் மாறும்.

சிங்கப்பூர்க் குடிமகன் ஒருவருக்குப் பலதுறைத் தொழிற்கல்லூரியில் அரசாங்கக் கட்டண மானியம் போக ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 வெள்ளிதான் செலவாகும். அங்கே இடம் கிடைக்கும் மதிப்பெண் உள்ள பிள்ளை, சேர்க்கைக் காலத்தில் குழம்பி நம்மிடம் வந்தால், அந்த வழியைச் சொல்லாமல் ஒப்பந்தத்தை நீட்டுவதை நான் திருட்டு என்றே சொல்வேன். நிர்வாகத்துக்கு இச்சொல் பிடிக்காது.

மறுக்கும் முறையிலும் பயிற்சி வேண்டும். காரணத்தை மாணவரின் மீது வைக்காமல் படிப்பின் மீது வைத்துச் சொல்ல வேண்டும்: 'இந்தப் படிப்பில் முதல் பருவத்திலேயே புள்ளியியல் வருகிறது; இப்போதுள்ள அடித்தளத்தோடு அது சிரமமாக இருக்கும். முதலில் இதைச் செய்துவிட்டு வாருங்கள்.' போக வேண்டிய இடத்தின் பெயரையும் விண்ணப்பிக்க வேண்டிய காலத்தையும் தாளில் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள். வெறுங்கையோடு அனுப்பினால் அவர் அடுத்த கட்டடத்தில் உள்ள நிலையத்துக்குப் போய், கேட்காத ஒருவரிடம் கையெழுத்திடுவார்.

6. பணத்தைப் பேசும் முறை

கட்டணத்தை 'மாதம் இவ்வளவுதான்' என்று சொல்லத் தடை போடுங்கள். முதலில் முழுத் தொகை, பிறகு தவணை. 12,000 வெள்ளிப் பாடநெறி என்று வைத்துக்கொள்வோம்; 9 விழுக்காடு பொருள் சேவை வரி சேர்ந்தால் 13,080 வெள்ளி. ஒரு பாடத்தில் தவறி மீண்டும் எடுத்தால் வரும் கூடுதல் கட்டணம், விண்ணப்பக் கட்டணம், வெளிநாட்டவரானால் அனுமதிச் சீட்டுக் கட்டணங்கள், வாடகை, சாப்பாடு ஆகியவை அதே தாளில் அடுத்தடுத்த வரிகளில் வர வேண்டும்.

உள்ளூர்க் குடும்பங்கள் தவறாமல் கேட்கும் கேள்வி, மத்திய சேமநிதியிலிருந்து கட்டலாமா என்பது. சேமநிதியின் கல்வித் திட்டம் அங்கீகரிக்கப்பட்ட நிலையங்களின் முழுநேரப் படிப்புகளுக்கு மட்டுமே. நம் நிலையம் அதில் இல்லையென்றால், அதை முதல் சந்திப்பிலேயே சொல்ல வேண்டும். வீட்டில் அந்தப் பணத்தை நம்பிக் கணக்குப் போட்டுவிட்டு, கடைசியில் நகையை அடகு வைக்கும் நிலை வரக் கூடாது. பெரியவர்களுக்கான பயிற்சிகளில் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகையை, அதாவது பயிற்சிக்காக அரசாங்கம் அவர்கள் கணக்கில் போட்ட தொகையை, காட்டி 'உங்களுக்கு இது இலவசம்' என்று பேசுவதையும் நிறுத்துங்கள். அது அவர்களுடைய கணக்கில் உள்ள பணம், செலவழித்தால் குறையும்.

'இந்த வாரத்துக்குள் சேர்ந்தால் தள்ளுபடி' என்ற வகைச் சலுகைகளை விளம்பரப் பிரிவு விரும்பும். முடிந்தவரை எதிர்த்து நில்லுங்கள். தள்ளுபடி உண்டென்றால் ஆண்டு முழுவதும் எல்லோருக்கும் இருக்கட்டும்.

7. தாள்களின் வரிசை

இந்தப் படியில் கருத்துக்கு இடமில்லை. வரிசை மாறினால் விதிமீறல்.

முதலில், ஒப்பந்தத்துக்கு முன் கவனிக்க வேண்டியவற்றைச் சொல்லும் மாணவர் ஆலோசனைக் குறிப்பை மாணவர் படித்துக் கையெழுத்திட வேண்டும். அதன் பிறகே நிலையத்துக்கும் மாணவருக்கும் இடையிலான பொது ஒப்பந்தம். மாணவர் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவரானால் பெற்றோரோ பாதுகாவலரோ கையெழுத்திட வேண்டும். பாடநெறிக் கட்டணத்தை வாங்குவது ஒப்பந்தத்துக்குப் பிறகுதான். 'இடத்தைப் பிடித்து வைக்க ஒரு சிறு முன்பணம்' என்று ஒப்பந்தத்துக்கு முன்னால் வாங்கும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது; புதியவர் முந்தைய வேலையிலிருந்து அதைக் கொண்டுவந்திருக்கலாம், கவனியுங்கள்.

ஒப்பந்தத்தில் இருதரப்பும் கையெழுத்திட்ட நாளிலிருந்து 7 வேலை நாள்கள் மறுபரிசீலனைக் காலம். அதற்குள் மாணவர் எழுத்து மூலம் விலகினால், படிப்பைத் தொடங்கியிருந்தாலும் இல்லாவிட்டாலும், பணத்திருப்ப அட்டவணையில் உள்ள உச்ச விழுக்காட்டை அவர் திரும்பப் பெறுவார். இதை அலுவலர் தாமாகவே, கேட்காமலேயே சொல்ல வேண்டும். ஏழாவது வேலை நாள் எந்தத் தேதியில் முடிகிறது என்பதை நாள்காட்டியைப் பார்த்து எழுதியும் கொடுக்க வேண்டும். இடையில் தீபாவளியோ சீனப் புத்தாண்டோ வந்தால் மாணவர் தாமாகக் கணக்கிடுவதில் பிழை நேரும்.

மாணவர் கட்டிய பணத்தைக் காக்கும் கட்டணப் பாதுகாப்புத் திட்டத்தையும், தகராறு வந்தால் எங்கே போகலாம் என்பதையும் விளக்க வேண்டும். உள்முறைப் புகாரில் தீராவிட்டால், தனியார் கல்விக்கான சமரச, நடுவர் தீர்ப்பு ஏற்பாட்டில் சிங்கப்பூர்ச் சமரச நிலையத்தை முதலில் அணுகலாம். நம்மைப் பற்றிப் புகார் செய்யும் வழியை நாமே சொல்வதா என்று புதியவர்கள் சிரிப்பார்கள். சொல்லிவிட்டுப் பார்க்கட்டும், எதிரில் இருப்பவரின் தோள் தளர்வதைக் காண்பார்கள்.

ஒப்பந்தத்தை விளக்கிவிட்டு 'புரிந்ததா' என்று கேட்காதீர்கள். எல்லோரும் 'புரிந்தது' என்பார்கள். 'மூன்றாவது மாதத்தில் விலக நேர்ந்தால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும், இந்த அட்டவணையைப் பார்த்துச் சொல்லுங்கள்' என்று கேளுங்கள். மாணவர் தவறாகச் சொன்னால் மீண்டும் விளக்க வேண்டும். கையெழுத்து அன்றைக்கே நடக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படிக்கட்டும்.

8. தொலைபேசியும் வாட்ஸ்அப்பும்

விளம்பர அழைப்புகளை விரும்பாதோர் தம் எண்களைப் பதியும் 'அழைக்க வேண்டாம்' பதிவேடு 2014 முதல் நடப்பில் உள்ளது. எழுத்து மூலம் தெளிவான ஒப்புதல் தராத ஒருவரை விளம்பர நோக்கில் அழைப்பதற்கு முன் அதைச் சரிபார்க்க வேண்டும். கண்காட்சிகளில் 'உங்கள் நண்பர்கள் மூவரின் எண்ணைக் கொடுங்கள், பரிசு உண்டு' என்று வாங்கும் பட்டியல்களை அப்படியே கிழித்துப் போடுங்கள். அந்த நண்பர்கள் ஒப்புதல் தரவில்லை.

விசாரணைக்கு வந்தவரிடம் அடையாள அட்டை எண் தேவையில்லை. 2019 செப்டம்பர் 1 முதல் அந்த எண்ணைச் சேகரிப்பதில் கடுமையான கட்டுப்பாடுகள் உள்ளன. பெயர், தொடர்பு எண், எந்தப் படிப்பு, இவை போதும்.

வாட்ஸ்அப்பில் சொன்ன வாக்குறுதியும் வாக்குறுதிதான். அலுவலர் தம் சொந்த எண்ணிலிருந்து மாணவருடன் பேசுவதைத் தடுத்து, நிலையத்தின் எண்ணைக் கொடுங்கள். பதில் வராதவருக்கு இரண்டு முறைக்கு மேல் நினைவூட்டல் வேண்டாம்.

9. வெளிநாட்டு முகவர்கள்

நீங்கள் எவ்வளவு நன்றாகப் பழக்கினாலும், சென்னையில் அமர்ந்திருக்கும் முகவர் வேறு கதை சொல்லியிருப்பார். ஆகவே முகவர் வழியாக வரும் ஒவ்வொரு மாணவரிடமும் ஒப்பந்தத்துக்கு முன் நம் அலுவலர் காணொளியில் நேரடியாகப் பேச வேண்டும், முகவர் அந்த அறையில் இல்லாமல். கேட்க வேண்டியவை நான்கு: பகுதிநேர வேலை பற்றி என்ன சொன்னார்கள், நிரந்தரவாசத் தகுதி பற்றி என்ன சொன்னார்கள், முகவருக்கு எவ்வளவு பணம் கொடுத்தீர்கள், ஒப்பந்தத்தைக் கண்ணால் பார்த்தீர்களா.

விடைகளைத் தேதியிட்டுப் பதியுங்கள். தவறான வாக்குறுதி தரப்பட்டிருந்தால், அதைத் திருத்தி மாணவருக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டு, மறுபடி முடிவெடுக்க ஒரு வாரம் கொடுங்கள். ஒரே முகவரிடமிருந்து இப்படி மூன்று பேர் வந்தால் அவரோடு உள்ள உடன்படிக்கையை நிறுத்த வேண்டும். அவருக்கு நிலையம் கொடுக்கும் தரகுத் தொகைதான் மாணவர் விலகும்போது திரும்ப வராத செலவு என்பதைக் கணக்குப் பிரிவிடம் காட்டினால், முடிவு விரைவில் கிடைக்கும்.

10. மேற்பார்வை: ஐந்தாம் வாரத்திலிருந்து

ஐந்தாம், ஆறாம் வாரங்களில் புதியவர் உண்மையான மாணவர்களைச் சந்திக்கலாம். மூத்தவர் ஒருவர், மாணவரின் அனுமதியோடு, உடனிருக்க வேண்டும். இடையில் குறுக்கிட்டுத் திருத்தக் கூடாது. தவறான உண்மை சொல்லப்பட்டால் மட்டும் உடனே திருத்தலாம். மற்றவற்றை மாணவர் போன பிறகு பேசலாம்.

ஒவ்வொரு சந்திப்புக்கும் ஒரு கேட்டல் குறிப்பு கோப்பில் இருக்க வேண்டும்: மாணவர் சொன்னது அவருடைய சொற்களில், பெற்றோர் சொன்னது தனியே, அலுவலருக்கு எழுந்த ஐயம், கொடுத்த அறிவுரை. பாதிப் பக்கம் போதும். 'ஆர்வமுள்ள மாணவர், நல்ல குடும்பம்' என்ற வகைக் குறிப்புகளைத் திருப்பி அனுப்புங்கள்.

அளக்க வேண்டிய எண், சேர்ந்தவர்களின் தொகையல்ல, மூன்றாம் மாத இறுதியில் வகுப்பில் இருப்பவர்களின் தொகை. ஒவ்வொரு பருவத்தின் நான்காம் மாதத்தில் சேர்க்கைக் குழு ஒரு பிற்பகல் கூடி, விலகிய மாணவர்களின் கோப்புகளை மட்டும் எடுத்துப் பார்க்க வேண்டும். விலகும்போது மாணவர் எழுதிய காரணத்தையும், அவர் சேர்ந்த நாளின் கேட்டல் குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உரக்கப் படியுங்கள். எங்கள் குழு முதன்முறை இப்படி அமர்ந்தபோது, ஐந்தாம் வாரத்தில் நின்றுவிட்ட ஒரு மாணவரின் கோப்பில் ஒன்றரைப் பக்கக் குறிப்பு இருந்தது. அதில் இருந்த ஒவ்வொரு வாக்கியமும் அவருடைய தந்தை சொன்னது. அந்தக் குறிப்பை எழுதியவர் அடுத்த திங்கட்கிழமை மீண்டும் மூன்றாம் படியில் அமர்ந்தார்.